புல் முளைக்காத மனை

பதினாறு வருடமாக எனக்கு என் அண்ணி மேல் ஒரு கோபம் உண்டு. அவர் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. செத்தவர்கள் மேல் கோபம் வைக்கக் கூடாது என்று என் பெண்டாட்டி சொல்கிறாள். நாம் கூப்பிட்டுத்தானா கோபம் வருகிறது, போ என்றால் போவதற்கு.

நான் குழாய் பதிக்கிற மேஸ்திரி. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. பதினைந்து வயதில் மண்வெட்டி பிடித்தவன், முப்பத்தொன்றில்தான் சொந்தமாக ஒரு வேலை எடுத்தேன். ஊரின் மேட்டுப் பக்கம் பதினெட்டு வீடுகள் கட்டினார்கள். அந்தக் கூரைகளில் விழும் மழைத் தண்ணீர் வந்து சேர நிலத்துக்கு அடியில் ஒரு தொட்டி, தொட்டியிலிருந்து தெருக் கால்வாய்க்கு ஒரு குழாய். இரண்டும் என் பொறுப்பு. பிளானில் நாலு அங்குலக் குழாய் என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு லாரியே உள்ளே நிற்கும், அவ்வளவு பெரிய தொட்டி. அதற்கு வாய் நாலு அங்குலமா? வரைந்தவன் தூக்கக் கலக்கத்தில் வரைந்திருப்பான் என்று நினைத்து, யாரும் கேட்காமலே ஒன்பது அங்குலக் குழாய் போட்டேன். முதல் வேலை, பேர் நிற்க வேண்டும் என்ற ஆசை.

அண்ணி நகராட்சியில் மழைநீர்ப் பிரிவு ஆய்வாளர். புதிதாக வீடோ கடையோ கட்டுகிறவர்கள் மழைத் தண்ணீரை என்ன செய்யப் போகிறார்கள் என்று அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினால்தான் கட்டடத்தில் ஆள் குடியேற முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனும் அவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். நான் ஒன்பது அங்குலத்தைப் பற்றி வாய் ஓயாமல் அளந்தேன். ஒரு சொட்டு நிற்காது, எவ்வளவு மழை பெய்தாலும் கடகடவென்று போய்விடும் என்றேன். அண்ணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டார். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு, என் எட்டு ஆட்களும் பார்க்க, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். டேப்பை வைத்தார். மேலே ஏறி வந்து ஒரு காகிதத்தில் எழுதி என்னிடம் நீட்டினார். ‘ஏற்க இயலாது. அனுமதித்த அளவுக்கு மாற்றவும்.’ மேலே ‘ஒப்பந்ததாரர் அவர்களுக்கு’ என்று இருந்தது. முந்தின நாள் என் வீட்டில் சாப்பிட்ட கைதான் அதை எழுதியது.

ஆட்களில் ஒருத்தன், "என்ன மேஸ்திரி, கூடுதலா செஞ்சா குத்தமா?" என்றான். மற்றவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். முப்பது அடி தோண்டி மாற்ற ஆறு நாள் பிடித்தது.

மாற்றச் சொன்னது எனக்குப் பெரிசில்லை. வேலை என்றால் மாற்றுவதும் வேலைதான். ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாம். அதுதான் என் கோபம்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்போதுதான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். அவர் மட்டும், "சரி, என்ன வேலை தெரியும்?" என்று கேட்டார். ஒன்றும் தெரியாது என்றேன். "அப்ப அதை முதல்ல பாருங்க" என்றார். பன்னிரண்டு வயதுப் பயலுக்கு ‘ங்க’ போட்டுப் பேசியவர் அவர் ஒருத்தர்தான். கடைசி வரைக்கும் அந்த ‘ங்க’ மாறவில்லை. அதற்குள் ஒளிந்துகொண்டுதான் என்னை எத்தனையோ முறை குத்தியும் இருக்கிறார்.

கட்டடப் படம் வரைகிற படிப்பு இரண்டு வருடம் படித்துவிட்டு நகராட்சியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஒரு வருடம் பேய் மழை பெய்தது. மேட்டுத் தண்ணீர் முழுக்கக் கீழே இறங்கிப் பள்ளத் தெருவில் இடுப்பளவு நின்றது. பள்ளத் தெரு என்பது மேட்டுக்குக் கீழே பதினோரு வீடு இருக்கிற சின்னத் தெரு. மேலே எவன் என்ன செய்தாலும் அதன் வாசலில்தான் வந்து நிற்கும். அதற்குப் பிறகு மழைநீருக்கு என்று விதி வந்தது. விதி வந்தால் பிரிவு வேண்டும், பிரிவுக்கு ஆள் வேண்டும். ஆள்தான் கிடைக்கவில்லை. வரிப் பிரிவில் உட்கார்ந்தால் ஊர் பயப்படும், கட்டட அனுமதியில் உட்கார்ந்தால் ஊர் கும்பிடும், மழைநீர்ப் பிரிவில் உட்கார்ந்தால் சேறுதான் மிச்சம். ஆளுக்கு ஆள் நழுவி, கடைசியில் அண்ணி தலையில் கட்டினார்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை கொடுத்தார்கள். கதவு அவ்வளவு தாழ்வு. "கட்டடக்காரங்க எல்லாம் என் ரூமுக்கு வரும்போது தலை குனிஞ்சுதான் வர்றாங்க. கலெக்டருக்குக் கூட அந்த மரியாதை இல்ல" என்பார். முப்பது வருடம் அந்த அறையில் இருந்தார்.

அவர் வேலை என்ன என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"இந்த இடம் காலி மனையா இருந்தப்போ எவ்வளவு தண்ணி, எவ்வளவு வேகத்துல வெளிய போச்சு? வீடு வந்த பிறகும் அதுக்கு மேல போகக் கூடாது. அவ்வளவுதான்."

மண் தண்ணீரைக் குடிக்கும். கூரையும் சிமெண்டுத் தரையும் குடிக்காது, வந்ததை வந்த வேகத்தில் கீழே தள்ளிவிடும். அதனால் தொட்டியில் பிடித்து வைத்துச் சின்னத் துளை வழியாக மெதுவாக விட வேண்டும். நான் செய்தது போலப் பெரிய குழாய் வைத்தால் தொட்டி இருந்தும் இல்லாத மாதிரிதான். இதை நான் விளங்கிக்கொள்ளப் பல வருடம் ஆனது. தோண்டிய ஆறு நாளும் நானாகக் கேட்கவில்லை. ரோஷம்.

கட்டடக்காரர்கள் அவருக்கு மூணங்குலம் என்று பேர் வைத்திருந்தார்கள். துளை மூணங்குலத்துக்கு மேல் இருந்தால் இறங்கிப் பார்க்காமல் விட மாட்டார். "மூணங்குலம் வருது" என்று சைட்டில் ஒருத்தன் சொன்னால் போதும், காவலாளி கூடச் சட்டைப் பொத்தானைப் போடுவான். ஒருநாள் அவர் அறைத் தொலைபேசியில் யாரோ தெரியாத்தனமாக, "மூணங்குலம் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டான். "மூணங்குலம்தான் பேசுறேன், சொல்லுங்க" என்றாராம். அவன் வைத்துவிட்டான்.

என் அண்ணன் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். அவர் சொல்வார், "மழை வந்தா ஊர்ல எல்லாப் பொண்டாட்டியும் துணி எடுக்க உள்ள ஓடுவாங்க. என் பொண்டாட்டி குடை எடுத்துக்கிட்டு வெளிய ஓடுவா. கொடியில துணி நனையும், நான்தான் எடுக்கணும்." நிஜம்தான். பெருமழை பிடித்தால் அண்ணி நேராகப் பள்ளத் தெருவுக்குப் போய் நிற்பார். பதினோரு வாசற்படியிலும் தண்ணீர் எங்கே வரைக்கும் வருகிறது என்று பார்த்துச் சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். படியைத் தாண்டவில்லை என்றால் அன்றைக்கு வீட்டில் பாட்டுக் கேட்பார். தாண்டினால் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது.

ஒரு மனை கட்டுவதற்கு முன்னால் அவர் செய்கிற சோதனை ஒன்று உண்டு. ஒரு சாண் உயர இரும்பு வளையத்தை மண்ணில் அடித்து இறக்கி, அதற்குள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். இந்த மேட்டு மண் என்றால் கால் மணியில் குடித்துவிடும். சீக்கிரம் குடித்தால் நல்ல மண், அதன் தண்ணீர் முன்னால் வெளியே போயிருக்காது. ஆகவே கட்டிய பிறகும் போகக் கூடாது; தொட்டி பெரிசு, துளை சின்னது. மண் குடிக்கவில்லை என்றால் முன்னாலும் தண்ணீர் ஓடித்தான் போயிருக்கும். ஆகவே தொட்டி சின்னது, துளை பெரிசு. கட்டடக்காரனுக்கு எது லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு கட்டடக்காரர் என்னைக் கூப்பிட்டார். அவர் வேலையைத்தான் அப்போது நான் தொடர்ந்து செய்துகொண்டிருந்தேன். முதலாளி என்றுதான் கூப்பிடுவேன். பள்ளத் தெருவுக்கு நேர் மேலே, நாற்பது வீடு கட்ட ஒரு மனை வாங்கியிருந்தார். முழங்கால் உயரத்துக்குப் புல்.

"மேஸ்திரி, ரோலர் போட்டு மனைய நல்லா உருட்டிடு. அப்புறம் மணல் லாரி எல்லாம் இங்கயே நிக்கட்டும்" என்றார்.

"அஸ்திவாரம் தோண்டப் போற இடத்த எதுக்கு முதலாளி உருட்டணும்?"

"நீ உருட்டுறதுக்கு வந்தியா, கேள்வி கேக்க வந்தியா?"

பதினோரு நாள் உருட்டினேன். பத்து டன் ரோலர். பிறகு ஐந்து மாதம் லாரிகள் அதன் மேலேயே நின்றன, திரும்பின, போயின. மண் அடுப்பில் சுட்ட மாதிரி ஆகிவிட்டது. எதற்கு என்று எனக்குத் தெரியாது என்று எழுதினால் அது பொய். பாதி தெரியும். மீதிப் பாதி தெரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

அண்ணி வளையத்தோடு வந்தார். மூன்று இடத்தில் அடித்தார். அடிக்கவே சுத்தியல் துள்ளியது. தண்ணீர் தட்டில் ஊற்றின மாதிரி அப்படியே இருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் இருபது அடி தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, மண்ணு கல்லு மாதிரி இருக்கு?"

"இந்தப் பக்கம் எல்லாம் அப்படித்தான் அண்ணி" என்றேன்.

நோட்டில் எழுதினார். ‘இறுகிய மண். நீர் இறங்கவில்லை.’ அதன்படி துளை ஆறு அங்குலத்துக்கு அனுமதி ஆனது. அவர் குனிந்து எழுதும்போது எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. ஒன்பது அங்குலத்துக்கு என்னைத் தோண்ட வைத்தவரை ஆறு அங்குலத்துக்குக் கையெழுத்துப் போட வைத்துவிட்டோம் என்று. எழுதுகிறது என்று உட்கார்ந்த பிறகு இதை மட்டும் விட்டால் ஆகாது.

நாற்பது வீடும் எழும்பி ஆள் குடிவந்தது. அடுத்த மழையில் பள்ளத் தெருவில் தண்ணீர் படி தாண்டியது. தெருமுனையில் ஒரு தையல்காரம்மாவின் வீடு, அதுதான் எல்லாவற்றிலும் தாழ்வு. முன்னறையில் இரண்டு மிஷின், பின்னறையில் அவரும் படுத்த படுக்கையான அவர் அம்மாவும். முதல் மழைக்கு இரண்டு விரல் அளவு தண்ணீர். இரண்டாவது மழைக்குக் கணுக்கால். பள்ளிக்கூடச் சீருடைத் துணி ஒரு மூட்டை முழுக்கச் சேறானது.

அண்ணி மேலே போய் நாற்பது வீட்டுத் தொட்டிக்குள் இறங்கிப் பார்த்தார். ஆறு அங்குலம், அனுமதித்தபடி. முதலாளி மேலே நின்று, "எல்லாம் உங்க அளவுதான் மேடம்" என்றாராம். அண்ணி பக்கத்துக் காலி மனைக்குப் போய், வேலிக்கு அந்தப் பக்கம் வளையத்தை அடித்துத் தண்ணீர் ஊற்றினார். பன்னிரண்டு நிமிடத்தில் குடித்துவிட்டது. நடுவில் ஒரு முள்வேலி, அவ்வளவுதான் வித்தியாசம். வேலிக்கு இந்தப் பக்கம் கல், அந்தப் பக்கம் பஞ்சு என்று சாமி கூடப் படைக்காது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். பூட்ஸை வாசலில் கழற்றினார். என் பெண்டாட்டி டீ கொண்டுவந்தாள்.

"தம்பி, அந்த நாப்பது வீட்டு மனைய யாராவது உருட்டினாங்களா, தெரியுமா?"

நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன். ஆறிப்போன டீ.

"இவருதானேக்கா போனார்" என்றாள் என் பெண்டாட்டி. "பதினோரு நாளு. டீசல் வாடை சட்டைய விட்டுப் போகவே இல்ல. சோப்புதான் கரைஞ்சுது."

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "புல் இல்லாத மனைன்னு அன்னைக்கே கண்ணு பார்த்துச்சு. சுத்தி எல்லா மனையிலயும் புல்லு, அதுல மட்டும் இல்ல. ஏன்னு கேக்கத் தோணல. நீங்க சொன்னீங்க, எழுதிட்டேன்."

பிறகு, "உருட்டினது நீங்கதான்னு எழுதித் தருவீங்களா? அது இருந்தா அந்த ஃபைலைத் திரும்பத் திறக்கலாம். இல்லன்னா முடியாது" என்றார்.

"எழுதிக் குடுத்தா எனக்கு எவனும் வேலை தர மாட்டான் அண்ணி."

"ஆமா" என்றார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். வற்புறுத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. அவர் போன பிறகு பெண்டாட்டியிடம் கத்தினேன். "நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்று அவள் பாட்டுக்கு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அந்தத் தையல்காரிதான் ரொம்பக் கத்துறா. வாசப்படிய உசத்திக் குடுத்துடு, வாய மூடிக்குவா" என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. படி உயர்ந்தால் தண்ணீர் உள்ளே வராது, நானும் எதுவும் எழுத வேண்டாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

சிமெண்டும் செங்கல்லும் கொண்டுபோனேன். தையல்காரம்மா மிஷினைவிட்டு எழுந்திருக்காமல் பார்த்தார்.

"யாரு அனுப்பினது?"

"மேல கட்டினவங்க."

"ஓ, தண்ணிய முதல்ல அனுப்பினாங்க, இப்ப செங்கல்லா? நாளைக்குப் பெயிண்ட் வருமா மேஸ்திரி? எனக்கு நீலம்தான் புடிக்கும்."

வேலையை நல்லபடியாகத்தான் செய்தேன். இரண்டடி உயரத்துக்கு, பூச்சோடு, விரிசல் இல்லாமல். வாசலுக்கு இரண்டு பக்கமும் சுவரோடு இழுத்துக் கட்டினேன். படுக்கையில் கிடந்த அந்தப் பெரியம்மா உள்ளேயிருந்து, "யாருடி அது, என்ன சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "நம்ம வீட்டுக்குக் கோட்டை கட்டுறாங்கம்மா" என்றார் மகள்.

ஒன்பது நாள் கழித்து மழை. மத்தியானம் இரண்டு மணிக்குப் பிடித்தது. என் படி எப்படி நிற்கிறது என்று பார்க்க நானே போனேன். படிக்கு வெளியே ஒரு சாண் தண்ணீர், ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. கதவு திறந்தது. உள்ளே முழங்கால் அளவு தண்ணீர்.

குளியலறைத் தரை ஓட்டை வழியாக வந்திருக்கிறது. மூடின தெருக் கால்வாய் மேட்டிலிருந்து வரும் வேகத்தில் நிரம்பினால் தண்ணீர் வாசல் தேடி வராது, ஓட்டை தேடி வரும். முன்னெல்லாம் உள்ளே வந்தது வாசல் வழியாக வெளியே போய்விடும். இப்போது போக வழியில்லை. நான் கட்டிய படி அதை உள்ளே பிடித்து வைத்திருந்தது. பின்னறையில் கட்டிலின் குறுக்குச் சட்டம் வரைக்கும் தண்ணீர். பெரியம்மா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். இந்த முறை சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவர் பேசாமல் படுத்திருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தையல்காரம்மா ஒரு கடப்பாரையை என் கையில் கொடுத்தார்.  விரிசல் இல்லாமல் கட்டியதை உடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபது நிமிடம் ஆனது. தண்ணீர் என் காலைத் தள்ளிக்கொண்டு வெளியே போனது. ஒரு ஒற்றைச் செருப்பு, நூல்கண்டு, காகிதத்தில் வெட்டின அளவுத் துண்டுகள் எல்லாம் கூடவே போயின. பெரியம்மாவை நாங்கள் இரண்டு பேரும் தூக்கிப் பக்கத்து மாடியில் கொண்டுபோய் வைத்தோம்.

"மேஸ்திரி, இனிமே யாராவது எனக்கு நல்லது செய்யச் சொன்னா, நீங்க வராதீங்க" என்றார் தையல்காரம்மா. கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை நகராட்சிக்குப் போனேன். மாடிப்படி அறையில் அண்ணி மட்டும் இருந்தார். நின்றுகொண்டே, "காகிதம் குடுங்க" என்றேன். கொடுத்தார். பேனாவைப் பிடித்துப் பழக்கமில்லை. அரைப் பக்கம் எழுத முக்கால் மணி ஆயிற்று. உருட்டின பதினோரு நாளையும் தேதி போட்டு எழுதச் சொன்னார். அவர் மண்ணைப் பற்றிக் கேட்டபோது நான் பொய் சொன்னதையும் எழுதினேன். அந்த வரியைப் படித்துவிட்டு, "இது வேணாம், அடிச்சிடுங்க. இது வீட்டு விஷயம்" என்றார்.

"இல்ல, இருக்கட்டும். உங்க மேல தப்பு வரக் கூடாது."

"கேக்காம எழுதினது என் தப்பு. நீங்க சொன்னதால அது உங்க தப்பா ஆகாது" என்று அவரே அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் என்னிடம் சின்னக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அவ்வளவு நேரம் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்திருந்ததில் எனக்குத் தைரியம் வந்தது. கேட்டுவிட்டேன். "அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ஒன்பது அங்குலம்னு நான் அவ்வளவு பேசினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆள் பார்க்க அவமானப்பட்டிருக்க மாட்டேன் இல்ல?"

பேனாவை மூடி வைத்தார். மறந்திருப்பார் என்று நினைத்தேன். மறக்கவில்லை.

"சொல்லணும்னுதான் இருந்துச்சு தம்பி. சொன்னா உங்களுக்கு ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சிருக்கும். மத்த மேஸ்திரிக்கெல்லாம் முன்னாடியே சொல்ல நான் அவங்க வீட்டுல எல்லாம் போய்ச் சாப்பிட முடியுமா? உடம்பு என்னாகும்?"

சிரித்துவிட்டேன். கோபம் அன்றைக்குப் பாதி போனது. மீதிப் பாதி, அந்தப் பதில் நியாயமாக இருந்ததால் தங்கிவிட்டது.

ஃபைல் திறந்தது. நாற்பது வீட்டுக்காரர்கள் கார் நிறுத்துகிற இடத்தைத் தோண்டி இன்னொரு தொட்டி கட்டினார்கள். துளையில் இரண்டரை அங்குல ஓட்டை போட்ட இரும்புத் தகட்டை முடுக்கினார்கள். அந்த வேலையை எனக்குக் கொடுக்கவில்லை; முதலாளி அதற்குப் பிறகு எந்த வேலையும் கொடுக்கவில்லை. இரண்டு வருடம் அடைப்பு எடுக்கிற வேலைக்கும் போனேன். பள்ளத் தெருவில் அந்த வருடக் கடைசி மழையில் படி நனைந்தது, தாண்டவில்லை. தையல்காரம்மா தன் கட்டிலையும் அம்மாவின் கட்டிலையும் செங்கல் வைத்து உயர்த்தித்தான் வைத்திருந்தார். அடுத்த வருடம்தான் இறக்கினார்.

அண்ணிக்கு என்ன ஆனது என்பது அண்ணன் சொல்லித்தான் தெரியும். தவறான மண் சோதனையின் பேரில் அனுமதி கொடுத்ததற்கு மேலேயிருந்து ஒரு கண்டனக் கடிதம் வந்து, அவர் பணிப் பதிவில் ஏறியது. அந்த வருடம் வர வேண்டிய பதவி உயர்வு, அவரைவிட எட்டு வருடம் சின்னவர் ஒருவருக்குப் போனது. "என்கிட்டயே நாலு மாசம் கழிச்சுத்தான் சொன்னா. அதுவும், காய் நறுக்கிக்கிட்டே" என்றார் அண்ணன். மாடிப்படி அறையிலிருந்தே ஓய்வு பெற்றார். அன்றைக்கு அலுவலகத்தில் அவரைப் பற்றி நாலு பேர் பேசினார்களாம். அதில் மூன்று பேர் அவரிடம் ‘மாற்றவும்’ என்று காகிதம் வாங்கித் தோண்டியவர்கள்.

ஓய்வுக்குப் பிறகு பதினான்கு மாதம்தான். இருதயம் பலவீனம் என்றார்கள். மாடி ஏறக் கூடாது, மழையில் நிற்கக் கூடாது. மழை வந்தால் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அண்ணனைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். "இத்தனை வருஷம் டிப்போவுல பஸ் நேரம் குறிச்சவன், இப்ப வாசப்படி குறிக்கிறேன்" என்று அவர் குடையோடு போவார்.

கடைசியாக நான் போனது ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தார். அண்ணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். போர்வையை நாலாக மடித்த பிறகு கேட்டார்.

"தம்பி, நீங்க உருட்டினது அந்த ஒரு மனைதானா?"

போர்வை என் கையில் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்" என்றார். "ஒண்ணுக்கே எனக்குத் தாங்கல. இன்னும் இருக்குன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துதான் கேக்கல. வீட்டுல இருக்கிற இந்த ஒரு வருஷமா அதுதான் ஓடுது. எத்தனை?"

"அஞ்சு அண்ணி. அதையும் சேர்த்து."

"எல்லாம் என் கையெழுத்துதானா?"

"ஆமா."

"பள்ளத் தெருவுக்கு மேல எத்தனை?"

"அதுக்கு மேல இன்னும் ரெண்டு. மத்த ரெண்டும் பஸ் டிப்போ பக்கம்."

கணக்குப் போடுகிற மாதிரி விரல்களை மடக்கினார். பிறகு என் கையிலிருந்த போர்வையை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"என் இடத்துக்கு ஒரு பொண்ணு வந்திருக்கா. நல்லா வேலை செய்றான்னு சொல்றாங்க. அவளுக்குப் புல்லு இல்லாத மனை எப்படி இருக்கும்னு தெரியாது, அதெல்லாம் கட்டி முடிச்சாச்சு. நீங்க போங்க. மீதி நாலையும் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுங்க. எழுதித் தரச் சொன்னா எழுதிக் குடுங்க. என் பேரு வரும். வரட்டும், அடிக்க வேணாம்னு சொல்லுங்க."